கண்ணாடி இறக்கிய வண்டி

மார்ச் 4

சந்தேகப் பிராணிக்கு,

நலம் என்று நீ எழுதினாலும் நம்புவதாக இல்லை. மகளிடம் விசாரித்துவிட்டேன். இருமல் இன்னும் விடவில்லையாம்.

போனில் பேசினால் நாலாவது வாக்கியத்தில் இருவரில் ஒருவர் வைத்துவிடுகிறோம், ஏதாவது இருந்தால் எழுதுங்கள் என்று நீதான் சொன்னாய். ஏதோ இருக்கிறது, எழுதுகிறேன். என் கையெழுத்து மருந்துக்கடைக்காரருக்கு மட்டும்தான் புரியும் என்பாய். முடிந்தவரை நிறுத்தி எழுதுகிறேன்.

விஷயம் வண்டி. முகம் சுளிக்காதே. இத்தனை வருடம் ஒத்திப்போட்ட பராமரிப்பு ஒருவழியாகத் தொடங்கிவிட்டது. இஞ்சின் கீழே இறங்கி ஒரு மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது. டேஷ்போர்டைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். மெக்கானிக் அதற்குள் தலையை விட்டபடியே கேட்டார்: "சார், இந்த ஏசிய என்ன பண்றது? இது வண்டியோட பொறந்தது இல்ல. பின்னாடி யாரோ கொண்டுவந்து சொருகியிருக்காங்க. இதாலதான் ரேடியேட்டருக்குக் காத்து போகாம வண்டி சூடேறுது. கழட்டிடட்டுமா? டேஷ்போர்டை மூடிட்டா திரும்பத் தொறக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

அந்த 'யாரோ' நான்தான் என்று நான் சொல்லவில்லை.

பழைய வண்டிக்காரர்கள் சங்கத்துத் தலைவரும் வந்து பார்த்தார். "ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏசியா? சிங்கத்துக்கு ஸ்வெட்டர் மாட்டின மாதிரி இருக்குய்யா" என்றார். நானும் சிரித்துவைத்தேன். கழற்றிவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மெக்கானிக், "எதுக்கும் அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க சார். பக்கத்துல உக்காந்து வர்றது அவங்கதானே" என்றார்.

நீ வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட்டாய் என்று அவருக்குத் தெரியாது. அதில் வேலை எவ்வளவு, நான் எவ்வளவு என்று எனக்கே தெரியாது. சரி, கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே கேட்கிறேன். ஏசி இருக்கட்டுமா, வேண்டாமா?

குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை. அதுவாக நின்றது.

உன் வீட்டுக்காரன்
(பழக்கதோஷம். அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.)


மார்ச் 11

பல் டாக்டர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. படிக்கவும் முடிந்தது. இருமல் போய்விட்டது. மகள் என்னைப் பற்றி உங்களிடமும் உங்களைப் பற்றி என்னிடமும் புகார் சொல்லிக் காலத்தை ஓட்டுகிறாள். "அப்பா இப்ப வண்டியோடதான் குடித்தனம் நடத்தறார்" என்றாள். ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

ஏசி பற்றி. கேள்வியை வெறும் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன். வண்டியில் இரண்டு பேர் உட்காரலாம். ஒருவர் இப்போது உட்காருவதில்லை. அந்தப் பெட்டியும் குழாய்களும் வண்டிக்கு வீண் சுமை. மேட்டில் ஏசியை அணைத்தால்தான் வண்டி ஏறும். வெயிலில், நெரிசலில் மாட்டிக்கொண்டு நமக்கு மூச்சு முட்டும்போது இஞ்சினும் சூடேறிவிடும், அப்போதும் அணைக்க வேண்டும். தேவைப்படாத நேரத்தில் மட்டும் ஒழுங்காக வேலை செய்கிற ஒரு பொருளுக்கு ஆதரவாக என்னால் வாதாட முடியவில்லை. கழற்றிவிடுங்கள்.

இதைச் சங்கத் தலைவரின் சிங்கத்துக்காகச் சொல்லவில்லை. எது அசல், எது ஒட்டுப்போட்டது என்பதில் அவருக்கு இருக்கிற உறுதி எனக்கு எதிலுமே இருந்ததில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. அதை வைக்கும்போது நீங்கள் என்னைக் கேட்கவில்லை. கருத்தரங்கு முடிந்து நான் திரும்பி வந்த அன்று, ரயில் நிலைய வாசலில் கண்ணாடியையெல்லாம் ஏற்றிவிட்டு, உள்ளே குளிர்ந்துபோய், புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். கேட்காமல் வைத்ததைக் கழற்றுவதற்கு மட்டும் ஏன் அனுமதி?

இங்கே என் அறைக்கு ஒரே ஜன்னல். அதில் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது, தொட்டிமேல் மாலையில் சிறிது வானம். போதுமாக இருக்கிறது.

நான்


மார்ச் 19

'நான்' என்று மட்டும் கையெழுத்துப் போட்டவளுக்கு,

கழற்றவில்லை. "அம்மா யோசிக்கறாங்க" என்று மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறேன். "யோசிக்கட்டும் சார். வேணாம்னா உடனே சொல்லியிருப்பாங்களே" என்றார். நீ உடனே சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஏன் கேட்காமல் வைத்தேன் என்று கேட்டிருக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை வரை எனக்கும் மறந்துபோயிருந்தது.

அன்று பட்டறையில் யாரும் இல்லை. மெக்கானிக் சாப்பிடப் போயிருந்தார். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இஞ்சின் இல்லை, சக்கரங்கள் இல்லை, நாலு முட்டுக்கட்டைமேல் வெறும் கூடு. டேஷ்போர்டு இருந்த ஓட்டை வழியாக வெயில் உள்ளே வந்து என் முழங்கால்மேல் விழுந்தது. அதில் தூசி மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். வண்டி நகர்வது மாதிரி இருந்தது. பட்டறைச் சுவரும் தொங்கும் டயர்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போயின. ஸ்டியரிங்கை நான் தொடவேயில்லை.

பக்கத்தில் நீ இருந்தாய். ஏசிக்கு முந்தைய நீ. கண்ணாடி இறக்கியிருக்கிறது, முடியெல்லாம் முகத்தில் அடிக்கிறது, கண்ணை இடுக்கிக்கொண்டிருக்கிறாய். உதடு அசைந்துகொண்டே இருக்கிறது. அந்த நாளில் வழி நெடுக ஏதோ சொல்லிக்கொண்டுதான் வருவாய். காற்றிலும் இஞ்சின் சத்தத்திலும் ஒன்றும் கேட்காது. "என்ன?" என்று கத்துவேன். "ஒண்ணுமில்ல" என்று தலையை ஆட்டுவாய்.

என் பிழைப்பே வாயில்தான். பஞ்சும் குழாயும் வைத்த வாயோடு ஜனங்கள் பேசுவதெல்லாம் எனக்குப் புரியும். அந்தத் தைரியத்தில் உன்னையும் புரிந்துகொண்டேன். வெயில், தூசி, காது அடைக்கிறது, இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு என்ன சுகத்தைக் கண்டேன். இப்படித்தான் ஏதோ முணுமுணுக்கிறாய் என்று நினைத்தேன். அதனால்தான் ஏசி. வைத்த பிறகு உன் உதடு அசையவே இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வருவாய். அப்பாடா, இவளுக்கு இனி ஒரு குறையும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். நீ பெட்டி கட்டுகிற வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். ஏசி ஒரு சாக்கு. மே மாதம் வண்டி ஓடும். கடலோரச் சாலையில் ஒரு நாள் போய்வரலாம் என்று இருக்கிறேன். பக்கத்து இருக்கையில் நீ வருவாயா? வருவாய் என்றால் ஏசி இருக்கும். இல்லையென்றால் கழற்றிவிடச் சொல்கிறேன், அதோடு வேறு எதையும் உன்னிடம் கேட்க மாட்டேன்.

டாக்டர்


மார்ச் 30

டாக்டருக்கு,

கல்லூரியில் தேர்வுக் காலம். அதனால் தாமதம். அதனால் மட்டும் இல்லை.

நேற்று மதியம் தேர்வுக்கூடத்தில் மேற்பார்வை. மின்விசிறிகள் ஒரே தாளத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. வரிசை வரிசையாகக் குனிந்த தலைகள். நான் நின்றுகொண்டே தூங்கியிருக்க வேண்டும். வண்டி வந்தது. சாலை இல்லை, வெளிறிய ஒரு வெளி, தண்ணீரா மணலா என்று தெரியவில்லை. ஓட்டுகிற இடத்தில் யாரும் இல்லை. அதில் எனக்குப் பயமும் இல்லை. நான் பேசிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லும் வாயிலிருந்து வந்ததும் துணி மாதிரி விரிந்து பின்னால் பறந்துபோனது. திரும்பிப் பார்த்தால் எல்லாம் வெகு தூரம் வரை மிதந்துகொண்டிருந்தன. "மேடம், பேப்பர்" என்று யாரோ கூப்பிட்டார்கள். கூடுதல் தாள் எடுத்துக் கொடுத்தேன்.

கனவுகளுக்கு அர்த்தம் சொல்கிறவர்களை நான் மதிப்பதில்லை. ஆனால் காற்றில் பேசிக்கொண்டு வந்தது கனவுகூட இல்லை, நடந்ததுதான்.

நான் குறை சொல்லிக்கொண்டு வரவில்லை. பேசிக்கொண்டு வந்தேன். நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும். துறைக் கூட்டத்தில் ஒரு வாக்கியம் சொல்வதற்குள் அது சரியா, ஆதாரம் உண்டா என்று மூன்று முறை பார்த்துவிட்டுக் கடைசியில் சொல்லாமலே எழுந்து வருவேன். அந்தக் காற்றில் மட்டும் அது வேண்டியிருக்கவில்லை. சொன்னது என் காதுக்கே வருவதற்குள் போய்விடும். துறைத்தலைவரைத் திட்டினேன். உங்கள் அக்காவையும் திட்டினேன், நன்றாகவே. பாட்டுத் தெரியாமல் பாடினேன். உங்களிடம் சொல்ல முடியாததையெல்லாம் உங்கள் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உங்களிடமே சொன்னேன்.

பிறகு கண்ணாடி ஏறியது. "இப்ப சொல்லு. என்னவோ சொல்லிக்கிட்டே வருவியே" என்றீர்கள். என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தக் குளிரில் என் மூச்சு எனக்குக் கேட்டது. "குளிருதா?" "இல்ல." "கூட்டவா?" "வேணாம்." வருடக் கணக்கில் அந்தப் பொத்தானைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டு போய்வந்தோம். நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள். எடுத்துவிடுங்கள் என்று எப்படிச் சொல்வது?

ஏசிக்காக யாரும் வீட்டைவிட்டுப் போவதில்லை. நானும் போகவில்லை. ஆனால் என் முதுகுக்குத் தலையணை, என் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, நான் பார்க்க வேண்டிய டாக்டர், என் ரயில் டிக்கெட் எல்லாம் நீங்கள் என் முகத்தைப் பார்த்தே முடிவு செய்தீர்கள். பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. அதனால் கோபப்படவும் வழியில்லை. இந்த வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தபோது, யாரும் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பதில் எழுதிவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: தெரியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று எழுத எனக்கு வராது.

நான்


ஏப்ரல் 5

அன்புள்ளவளுக்கு,

இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் உன் கடிதத்தைப் படித்தேன். அடுத்தவர் வந்து படுத்தார். பஞ்சை வைத்து, மரப்பு ஊசி போட்டு, குறடை எடுத்தேன். ஏதோ சொன்னார். எப்போதும்போலத் தலையை ஆட்டப் போனேன். அப்புறம் என்ன தோன்றியதோ, பஞ்சை எடுத்துவிட்டு, "என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அது இல்ல டாக்டர், பக்கத்துப் பல்லு" என்றார்.

முன்மேசைப் பெண் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எத்தனை வருடம், எத்தனை பக்கத்துப் பல்!

காற்றில் என்ன சொன்னாய்? எல்லாம் வேண்டாம். ஒன்று சொல். இஷ்டம் இல்லையென்றால் அதுவும் வேண்டாம்.

இன்று பட்டறைக்குப் போனேன். "அம்மா ஊர்ல இல்ல. எப்ப வருவாங்கன்னு எனக்குத் தெரியாது" என்று மெக்கானிக்கிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் நிமிரவே இல்லை. "அப்ப மெதுவாவே மூடறேன் சார்" என்றார்.

காத்திருக்கிற
நான்


ஏப்ரல் 12

அன்புள்ள டாக்டருக்கு,

ஒன்று சொல்கிறேன்.

மகளை என் மடியில் உட்காரவைத்துக் கூட்டிப்போய் விடுதியில் விட்டுவிட்டு மலையிறங்கி வந்தோமே, அன்று. பனி சாலையைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. நீங்கள் எதிரே மட்டும் பார்த்து ஓட்டினீர்கள், தாடை இறுகியிருந்தது. "அழுதுடுங்க. நீங்க அழுதா நானும் அழுதுடுவேன். நான் முதல்ல ஆரம்பிக்க மாட்டேன், எனக்கு வராது" என்று சொன்னேன். இரண்டு மூன்று தடவை சொன்னேன். "என்ன?" என்று கத்தினீர்கள். "ஒண்ணுமில்ல" என்றேன். என் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்து வண்டியை நிறுத்தி, கைக்குட்டையை நனைத்துக் கொடுத்தீர்கள். துடைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். ஆதாரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அடிக்கப் போவதில்லை.

இனி ஏசி. கழற்ற வேண்டாம். மெக்கானிக் டேஷ்போர்டை மூடிவிடலாம். சூடேறாமல் இருக்க முன்னால் பெரிய விசிறி ஒன்று வைக்க இடம் இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். அசல் போய்விட்டது என்று சங்கத் தலைவர் வருத்தப்பட்டால் படட்டும்.

மே மாதம் விடுமுறை. வருகிறேன். விடுமுறை வரைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் இப்போது கேட்காதீர்கள், அப்போது கேளுங்கள்.

கடலுக்குப் போகலாம். போகும்போது நான் ஓட்டுகிறேன். கிளட்ச் கடினம், உன் முழங்கால் தாங்காது என்பீர்கள். என் முழங்காலை நான் பார்த்துக்கொள்கிறேன். பக்கத்து இருக்கை உங்களுக்கு. இரண்டு பக்கக் கண்ணாடியும் இறங்கியிருக்கும். வழி நெடுக உங்களுக்கு வாயில் வருவதையெல்லாம் சொல்லிக்கொண்டு வாருங்கள். என்னைத் திட்டுவதானாலும் சரி. எனக்குக் கேட்காது. உங்கள் வாயைப் பார்த்து ஊகிக்கவும் மாட்டேன், என் கண் சாலையில் இருக்கும்.

திரும்பி வரும்போது, மற்றவருக்குக் கேட்கும்படியாகச் சொல்ல நம் இருவரில் யாருக்காவது ஏதாவது இருந்தால், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
நான்