மீதி உன்னுது

மடித்து நிறுத்திய பெயர் அட்டைகளை இன்றும் நான்தான் பொறுக்கினேன். நான் நடத்தும் டுட்டோரியல் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மார்க்கர் வாடை கையில் ஒட்டிக்கொண்டது. உன் ஞாபகம் வந்தது. என் பெயரை நான் பொடிப்பொடியாக எழுதுவேன் என்று அட்டையைப் பிடுங்கி நீயே பெரிதாக எழுதித் தருவாய்.

அலுப்பாக இருக்கிறது எனக்கு. வகுப்பு முழுக்க, "அவர் சொன்னதோடு நானும் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்" என்று ஆரம்பித்து, அவர் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்கள். எல்லாம் பங்கேற்பு மதிப்பெண்ணுக்காக. நாம் படித்தபோதும் இதே கூத்துதான். நீ மேசைக்கடியில் என் காலை மிதிப்பாய்.

நான் அப்போது வாயே திறக்காதவள். மனதுக்குள் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைக் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். உட்லண்ட்ஸிலிருந்து நான் வரும் ரயிலில் நீ ஆங் மோ கியோ நிலையத்தில் ஏறுவாய். உன்னிடம் மட்டும் ஓயாமல் பேசுவேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே நாற்காலி போட்டும் வயதானவர்கள் ஏன் உட்காருவதில்லை என்று ஒரு நாள் சொல்லிக்கொண்டு வந்தேன். "இதை கிளாஸ்ல சொல்லு," என்றாய். மாட்டேன் என்றேன்.

"சரி, நான் பாதி சொல்லிட்டு நிறுத்திடுவேன். மீதி உன்னுது. நீ பேசலேன்னா நான்தான் முட்டாள் மாதிரி நிப்பேன் லா."

சொன்னபடியே வகுப்பில் அந்த நாற்காலி விஷயத்தைத் தொடங்கி, பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாய். வகுப்பே என் பக்கம் திரும்பியது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் உன்னை அப்படியே விட முடியவில்லை. அங்கே அவர்களுக்குத் தெரிந்த முகமே இல்லை, அதனால்தான் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். வெளியே வந்ததும், "தேக்கா மார்க்கெட்ல பிரியாணி. நீதான் வாங்கித் தரே," என்றாய்.

போன வருடம் மருத்துவமனையிலும் அதையே செய்தாய். டாக்டரிடம், "எனக்கு இனிமே..." என்று தொடங்கி, மூச்சு வாங்க, என்னைப் பார்த்தாய். உன் அம்மா பக்கத்திலேயே நின்றார். இனி சிகிச்சை வேண்டாம், வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள் என்று நான்தான் சொன்னேன். நீ போன பிறகும் உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. அன்று நீ என் கையை அழுத்தியது போதும் எனக்கு.

இந்த வகுப்பில் ஜன்னலோரமாக ஒரு பெண் இருக்கிறாள். செமஸ்டர் முடியப்போகிறது, ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு என்ன மதிப்பெண் போடுவது? போன வாரம் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது என்னிடம் மட்டும் நல்ல கருத்து ஒன்று சொன்னாள். இன்று வகுப்பில் அதை எடுத்தேன். பாதியில் நிறுத்தி அவளைப் பார்த்தேன். அவள் நோட்டைப் புரட்டினாள். இருந்த அலுப்பில் நானே முடித்துவிடலாம் போலிருந்தது. முடிக்கவில்லை. முட்டாள் மாதிரி நின்றேன்.

அவள் பேசினாள். சின்னக் குரல்தான். நான் திரும்பிக்கொண்டு, ஒன்றும் எழுதியிராத பலகையை அழித்துக்கொண்டே இருந்தேன்.