ஸ்டோரேஜ் அறையைக் காலி செய்த விவரம்

கவரைப்பேட்டை
டிசம்பர் 2

அன்பு மகள் பிரின்சிக்கு அப்பா எழுதுவது. மாதாவின் துணையால் நானும் அம்மாவும் உன் தம்பி லோகுவும் இங்கே சுகம், என் முழங்காலைத் தவிர. போலந்தில் பனி கொட்டுவதாக டிவியில் காட்டினார்கள், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. இதைப் போனில் சொன்னால் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், பிறகு இரண்டு பேரும் அழுவீர்கள், விஷயம் பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன், லோகு படம் எடுத்து அனுப்புவான். கிறிஸ்துமஸுக்கு லீவு இருந்தும் வரமாட்டேன் என்றாய், தெருவில் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றாய். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

நீ வெளிநாடு போகும் முன் ஆன்லைனில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போன செங்குன்றம் ஸ்டோரேஜ் அறையிலிருந்து போன வாரம் மேனேஜர் கூப்பிட்டார். உணவுப் பொருளும் உயிருள்ளவையும் வைக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டீர்களே சார், உங்கள் அறையில் இரண்டும் இருக்கின்றன, உயிருள்ளவை மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்கும் என்றார். அரிசி வண்டு. பக்கத்து அறையில் புனேவுக்குப் போன ஒரு குடும்பத்தின் சோபாவில் அவை குடியேறிவிட்டனவாம். நான் அரிசியே வைக்கவில்லை என்று சாதித்தேன். பக்கத்தில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டு தலையைத் தூக்கவே இல்லை, அப்போதே புரிந்துவிட்டது. செவ்வாப்பேட்டையில் உன் புருஷன் ஜோஷ்வா வீட்டிலிருந்து உன் சீர் சாமான்கள் திரும்பி வந்த அன்று, நான் பீரோவை இறக்கிக்கொண்டிருந்தபோது, வெறும் பாத்திரமாக வைத்தால் குடும்பம் விளங்காது என்று பதினொரு பாத்திரத்திலும் இரண்டு இரண்டு கை அரிசி போட்டு மூடியிருக்கிறாள். விளங்காமல் போய்த்தானே சாமான் இங்கே வந்தது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. நீயும் கோபித்துக்கொள்ளாதே.

மறுநாள் முறத்தோடு இருவரும் போனோம். எட்டு மாதத்தில் அம்மா அங்கே வந்தது அதுதான் இரண்டாம் தடவை. ஷட்டரைத் தூக்கியதும் உன் கட்டில், பீரோ, மிக்சி எல்லாம் வரிசையாக நின்றன, அட்டைப்பெட்டி கூடப் பிரிக்காத மிக்சி. அம்மா வாசலில் உட்கார்ந்து வண்டைப் புடைக்க ஆரம்பித்தாள். அந்த நேரம் துடைப்பத்தோடு வந்தது யார் என்கிறாய், நம் கோயில் தெரு அஞ்சம்மாள். இரண்டு மாதமாக அங்கேதான் கூட்டுகிற வேலையாம், நமக்குத் தெரியாது. உதவி செய்கிறேன் என்று பெரிய தவலையைத் தூக்கினவள், கழுத்தில் வெட்டியிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். "இன்னாக்கா, நம்ம பிரின்சி சாமானு இங்க இன்னாத்துக்கு கீது? புருசனும் பொண்டாட்டியும் சேந்துதான் வெளிநாடு போயிட்டாங்கன்னு சொன்னியே" என்றாள். வீட்டில் வெள்ளையடிக்கிறோம் என்று நான் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அதற்குள் அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவ அந்த ஊட்ட வுட்டு வந்துட்டா அஞ்சம்மா. அவன் அடிச்சான். தனியாத்தான் போயிருக்கா. நாலு பேரு பாப்பாங்கன்னு நான்தான் இதெல்லாம் இங்க ஒளிச்சு வெச்சேன். எம் பொண்ணு இன்னா, திருடிக்கினா வந்தா?"

அஞ்சம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, முறத்தை எடுத்து அவளே புடைத்தாள். மேனேஜர் வந்து இங்கே புடைக்கக் கூடாது என்றார், இருவரும் காதில் வாங்கவில்லை. அம்மாவை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த அறைக்குப் பூட்டு வாங்கியது நான், சீர் வந்த வண்டிக்குத் தார்ப்பாய் கட்டியதும் நான். நாற்பது வருடம் ரோலிங் மில்லில் எவனுக்கும் பயப்படாதவன், எதிர்வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று பயந்தேன். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது பிரின்சி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் தெருவில் நிற்கிற நேரத்தில் உன் சாமான்களை ஏற்றிக்கொண்டு குட்டியானை வண்டி வந்து நின்றது. தார்ப்பாய் வேண்டாம் என்று டிரைவரிடம் அம்மாவே சொல்லிவிட்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் அஞ்சம்மாளிடம் சொன்னதையே சொன்னாள், நாலாவது ஆளுக்குச் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. சில பேர் உச்சுக்கொட்டினார்கள், எதிர்வீட்டுக்காரர் கட்டிலுக்கு ஒரு கை கொடுத்தார். இப்போது வீட்டில் பீரோ இரண்டு, ஃபிரிட்ஜ் இரண்டு. கூடத்தில் நான் பக்கவாட்டில்தான் நடக்கிறேன். விற்றுவிடு என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது, வந்து பார்த்து நீயே முடிவு செய். அதுவரை யாரும் தொட மாட்டார்கள். மிக்சியை மட்டும் அம்மா தொட்டுவிட்டாள்.

வேளைக்குச் சாப்பிடு. கால் உறை இரண்டு ஜோடி போட்டுக்கொள். ஆண்டவரும் மாதாவும் உன் கூடவே இருக்கட்டும். டிக்கெட்டை இந்த வாரமே போட்டுவிடு, ஸ்டேஷனில் இறங்கிக் கோயில் தெரு வழியாகவே வீட்டுக்கு வா. கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வராதே. எல்லோருக்கும் அம்மா சொல்லிவிட்டாள்.

உன் அப்பா,
சூ. அந்தோணி