பழைய ஃபிளாக்கின் அடியில் என் பெயர்

ஆவணி 9, திங்கள்

மகள் மீனா கம்ப்யூட்டர் கர்னலுக்கு, அதாவது கம்ப்யூட்டரை உள்ளிருந்து நடத்தும் அடிப்படைப் புரோகிராமுக்கு, விளக்கக் குறிப்பு எழுதுகிறாள். கர்னலிடம் வேலை சொல்லும்போது கூடவே கொடுக்கும் சின்ன அடையாளத்துக்கு ஃபிளாக் என்று பெயராம். வழக்கொழிந்த ஃபிளாக்குகள் அவள் பொறுப்பு. காலையில் அனுப்பிய குறிப்பை, இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்கும் நான் வாசித்துப் பழகத் தமிழிலும் எழுதிக் கொடுத்தாள். எழுத்துக்கூட்டி முழுவதும் வாசித்துவிட்டேன்! “இந்த ஃபிளாக்கைக் கொடுத்தாலும் கர்னல் கண்டுகொள்ளாது” என்று இருந்தது.

“கொடுத்துப் பாத்தியா ஆத்தா?” என்று கேட்டேன்.

“இல்லப்பா. பழைய குறிப்புல அப்படித்தான் இருந்துச்சு.”

உடனே கொடுத்துப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. கர்னல் கண்டுகொள்ளாமல் விடவில்லை, வேலையையே மறுத்துவிட்டது.

“சோதிக்காம எழுதினியான்னு கர்னலப் பாத்துக்கிற பெரிய ஆளுக கிழிச்சிருவாகப்பா. இனிமே என்னையச் சேக்கவே மாட்டாக.”

“அப்பச் சொல்லாம விட்ருவியா?”

“எப்படி விட? இத நம்புனா எவுக புரோகிராமோ பாதியில நின்னுபோகும்.”

“தப்பு என்னுடையது” என்று எல்லாரும் பார்க்கும் இடத்தில் திருத்தம் எழுதினாள். தப்பைச் சுட்டியவர் பெயரை அடியில் போடுவது அங்கே வழக்கமாம். என் பெயரைப் போட்டாள்.

“ஓடைப்பட்டித் திராட்சைக்காரரு கர்னல்லயே கை வச்சுட்டீக” என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

சாயங்காலம் அனுப்பியது. இன்னும் பதில் இல்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டாள். பக்கத்து அறையில் போனை எடுத்து எடுத்து வைக்கும் சத்தம் கேட்கிறது. எனக்குப் பயமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது. திட்டுகிறவர்கள் இனி எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும்.