ஸ்கேன் சீட்டில் என் நம்பர்

புதன்கிழமை, இரவு

மனசு இன்னும் ஆறவில்லை. கோபம்தான்.

பத்தொன்பது நாளாக எனக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. போன மாதமும் இப்படித்தான். இன்று ஆஸ்பத்திரியில், என்ன செய்கிறது என்று டாக்டர் என்னிடம் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரரிடம் கேட்டார். இங்கே சாலைக் கடைத்தெருவில் ஆணிக்கடை வைத்து நாள் முழுக்க மலையாளத்தில் பேரம் பேசுகிற மனுஷன், "கொறச்சு க்ஷீணம், டாக்டரே. உறக்கமில்லா" என்று, ஏதோ கொஞ்சம் அசதி, தூக்கமில்லை என்பதோடு முடித்துக்கொண்டார். ரத்தம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"நால்பத்தெட்டு வயஸ்ஸாயில்லே? இதொக்கெ பதிவா." இந்த வயதில் இதெல்லாம் வழக்கம்தானாம். டாக்டர் சிரித்துக்கொண்டே தூக்க மாத்திரை எழுதினார்.

இருபது வருஷமாக இதே ஊரில் இருக்கிறேன், எனக்கு மட்டும் மலையாளம் தெரியாதா? "பத்தொம்பது திவசமாயி ப்ளீடிங் நிற்குந்நில்லா, டாக்டரே" என்று நானே சொன்னேன். அவர் பேனா நின்றது. ஸ்கேன் எடுக்க எழுதினார். அப்போதும் சீட்டை இவர் கையில்தான் கொடுத்தார்.

ஆட்டோவில் இவர் பொரிந்து தள்ளினார். "ஏட்டி, ஆம்பள டாக்டர் முன்னால இதெல்லாமா சொல்லுவ?"

"பெறவு எங்க சொல்லணும்? உங்க கடையிலயா?"

வீட்டுக்கு வந்து சீட்டைப் பார்த்தால், நோயாளியின் போன் என்ற இடத்தில் இவர் நம்பர். ரிசல்ட் இவருக்குப் போகும். அதில் எனக்கு எவ்வளவு சொல்லலாம் என்று இவர் முடிவு செய்வார்.

அதை அடித்துவிட்டு என் நம்பரை எழுதினேன். அழுத்தியதில் சீட்டு லேசாகக் கிழிந்துவிட்டது. பரவாயில்லை, பத்து எண்ணும் தெளிவாகத் தெரிகிறது. காலையில் தனியாகத்தான் போகிறேன்.