பழைய கட்டிலிலேயே தொங்கிய அட்டை

செவ்வாய், இரவு

இன்று ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: நான், சிங்கப்பூர் வேலைக்கு லீவு போட்டு வந்த மகள் கவிதா, வார்டு நர்ஸ் மிஸ்ஸி, நோயாளிப் பாதுகாப்பு அதிகாரி மாலதி.

நேற்று என் வீட்டுக்காரர் ஆபரேஷனுக்காகப் பட்டினி கிடந்தார். அது தெரியாமல் வழக்கமான இன்சுலினைப் போட்டுவிட்டார்கள். சர்க்கரை இறங்கி, இன்னும் நினைவு திரும்பவில்லை.

“ஊசி போட்டது யாரு? பேரச் சொல்லுங்க!” என்று கவிதா கத்தினாள். மிஸ்ஸி தலை குனிந்தாள்.

“பேர் தெரிஞ்சா நாளைக்கு இன்னொருத்தருக்கு நடக்காம இருக்குமா, கவிதா?” என்ற மாலதி என் பக்கம் திரும்பினார். “ஆண்ட்டி, சாப்பாடு கூடாதுன்னு மாட்டுவாங்களே, புவாசா அட்டை, அது எங்க இருந்துச்சு?”

நேற்று காலையில் இவரைச் சன்னலோரக் கட்டிலுக்கு மாற்றினார்கள். அட்டை மட்டும் பழைய கட்டிலிலேயே தொங்கியது. அதைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். “இனிமே அத நோயாளி கையிலயே கட்டச் சொல்றேன், ஆண்ட்டி.”

“நல்லதும்மா. இவரு எப்ப முழிப்பாரு?”

“அது எனக்குத் தெரியாது ஆண்ட்டி. தெரிஞ்ச மாதிரி பேச மாட்டேன்.”

இனி வருகிறவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். இவருக்கு யார் இருக்கிறார்கள்? வீட்டுக்கு வந்து விளக்கேற்றி உட்கார்ந்தும் ஒரு மந்திரமும் வாயில் வரவில்லை. மாரியாத்தா, இவர் கண் திறப்பாரா, மாட்டாரா? சீக்கிரம் சொல்லு தாயே.