என் முழங்காலுக்குள் நாலு மடிப்பு

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனை அணைத்துவிட்டு விடுதி அறையில் அடைந்து கிடப்பதால் காகிதத்தில் வருகிறேன். உடற்கூறியலில் ஒரு தடவை கோட்டை விட்டதற்காக மருத்துவப் படிப்பையே விடப்போகிறாயாமே? அம்மா அழுகிறாள். அப்பா ஓடாத டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தாராளமாக விடு. அதற்குள் ஒரு சந்தேகம்: ஓடும்போது என் இடது முழங்காலுக்குள் டக் டக்கென்று யாரோ தட்டுகிறார்கள். கதவைத் திறக்கட்டுமா?

வலியுடன்,
உன் வாலு

ஜூன் 8

அடியே வாலு,

விளையாட்டில்லையே? மூட்டின் உட்புறம் வழவழவென்று ஒரு சவ்வு உண்டு. அது அங்கங்கே மடிந்திருக்கும். முழங்கால் சில்லுக்கு மேலே ஒரு மடிப்பு, கீழே ஒன்று, உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் சிலருக்குத்தான். கருவில் மூட்டு உருவானபோது மிஞ்சியவை. பெரும்பாலும் சாதுக்கள். உள்பக்கத்து ஆள் மட்டும் வீங்கித் தடித்தால் எலும்பில் உரசி டக்கென்பார். சில்லின் உள்ளோரம் அழுத்திப் பார். வலித்தால் ஓடாதே, டாக்டரிடம் போ.

அக்கா

ஜூன் 12

அன்பு அக்கா,

அழுத்தினேன். வலது முழங்கால் "அம்மா!" என்றது. அடுப்படியிலிருந்து அம்மா "என்னடி?" என்றாள். இந்த மடிப்புகளை இஸ்திரி போட முடியாதா? ஒரு படம் போட்டு அனுப்பு. புத்தகத்தைப் பார்க்காமல் போடு, அதெல்லாம் என் மண்டையில் ஏறாது.

தவிப்புடன்,
வாலு

ஜூன் 16

பொய்மூட்டை,

போன கடிதத்தில் இடது, இதில் வலது. வலி வீடு மாறிவிட்டதோ? அறுத்து எடுக்க வேண்டியிருக்குமோ என்று பயந்து நூலகத்தையே புரட்டினேன். பெரும்பாலும் ஓய்விலும் பயிற்சியிலும் சரியாகிவிடும் என்று படித்த பிறகுதான் சாப்பாடு இறங்கியது. உன் கடிதத்தை அப்புறம்தான் ஒழுங்காகப் பார்த்தேன். இனி எனக்கு எழுதாதே. படம் பின்பக்கம். போட்டுத் தொலைத்துவிட்டேன், கிழிக்க மனசு வரவில்லை.

அக்கா

ஜூன் 20

அக்கா,

இது எழுத்தில்லை, கிறுக்கல். கால் ரெண்டும் கல்லு மாதிரி இருக்கின்றன. படத்தை எங்கள் உயிரியல் டீச்சரிடம் காட்டினேன். புத்தகத்தோடு ஒப்பிட்டுவிட்டு, "ஒரு கோடு பிசகல. யாரும்மா போட்டது?" என்றார். "ஃபெயிலானவங்க" என்றேன். "போடி, புளுகாதே" என்றார். நான் முதல்முறை உண்மை பேசியிருக்கிறேன், நம்ப ஆளில்லை!

ஜூலை ரெண்டில் மறுதேர்வு. வீட்டில் உன் அறையில் என் கட்டிலைப் போட்டாயிற்று. திரும்பி வந்தால் இடமில்லை. போய் எழுது.

உன் பொய்மூட்டை

ஜூலை 9

அன்புள்ள வாலுவுக்கு,

போனேன். வாய்மொழித் தேர்வில் தட்டில் ஒரு முழங்காலை நீட்டினார்கள். மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். பாஸ்.

அடுத்த பருவம் மூளை. உன்னிடம் இல்லாத உறுப்பு. அதில் என்ன கோளாறு சொல்லப்போகிறாய் என்று இப்போதே யோசித்து வை.

அக்கா