தலைகீழாகப் போன ராஜாவின் பெயர்

மாப்ளே,

ஸ்டிக்கர் பசை வாசம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. நேற்று ஷார்ஜாவில் ஒரு கண்காட்சிக்குப் படங்கள் ஒட்டப் போயிருந்தோம். அதில் ஆள் உயரத்துக்கு ஒரு தங்கக் காசின் படம். பார்த்ததும் உன்னிடம் சொல்லத்தான் தோன்றியது. நீ செத்து இரண்டு வருடம் ஆனது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தின் ஒரு பகுதியை ஆண்ட ராஜா, பாக்தாத் கலீஃபாவின் தினாரைப் பார்த்து அடித்த காசாம். அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை என்று அரபியில் இருக்கிறது. ராஜாவோ சர்ச்சுக்குப் போகிறவர். அவருடைய பாதிரிமாரில் ஒருவருக்காவது அது புரிந்திருக்குமா? நடுவில் தன் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறார் ராஜா. செதுக்கியவனுக்கு அரபியில் எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. ராஜா பெயரைத் தலைகீழாகப் போட்டுவிட்டான்.

நம்ம ஆள்தான், இல்லையா? நமக்கும் அரபி படிக்கத் தெரியாது. அதனால்தான் நீ ஒவ்வொரு ஸ்டிக்கரின் முதுகிலும் பென்சிலால் மேல்நோக்கி ஒரு அம்பு போடுவாய். "அம்பப் பாக்காம கைய வைக்காத மாப்ளே" என்பாய். அந்தப் பார்மசிக் கண்ணாடியில் கடையின் அரபிப் பெயரை அவசரத்தில் அம்பைப் பார்க்காமல் தலைகீழாக ஒட்டியவன் நான். என் தங்கச்சிக்குக் கல்யாணம் வைத்திருந்த நேரம் அது. முதலாளி கத்தியபோது நீ முந்திக்கொண்டு, "நான்தான் ஒட்டினேன்" என்றாய். "கலாஸ்" என்றார் அவர், உன் வேலை முடிந்தது என்று. உன்னை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடமே நெஞ்சுவலி. நான் வாயே திறக்கவில்லை.

காசு செதுக்கியவனை ராஜா என்ன செய்தார் என்று கண்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "மாலூம் நஹி, பாய்" என்று, தெரியாது என்பதை இந்தியில் சொல்லிச் சிரித்தார். அவன் பெயர்கூட யாருக்கும் தெரியாதாம்.

உன் பெயர் எங்கள் கேம்ப் முழுக்கத் தெரியும். புதிதாக யார் சேர்ந்தாலும் ஃபோர்மேன் உன் கதையைத்தான் சொல்கிறார். நேற்றும் அந்தக் காசைக் காட்டி, "நம்மகிட்டயும் ஒருத்தன் இருந்தான்டா, தலைகீழா ஒட்டிட்டு ஊரு போய்ச் சேந்தான்" என்றார்.

"அது அவன் இல்லண்ணே. நான்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மறுபடியும் சொன்னேன். ஃபோர்மேன் என் தோளைத் தட்டி, "செத்தவன் பழியத் தன் தலைல போட்டுக்கிறான் பாருங்கடா, என்ன மனசு!" என்றார்.

உனக்குச் சேரவேண்டிய அந்தப் பாராட்டையும் நானே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன், மாப்ளே.